ஏரிக்கரையில் தண்ணீர்க் கணக்கு

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், சிட்னிக்கு வடக்கே காரில் மூன்று மணி நேரம் போனால் மையால் ஏரிகள் தேசியப் பூங்கா வரும். அங்கே பொம்பா பிராட்வாட்டர் என்ற ஏரியின் கரையில் மங்கோ பிரஷ் என்றொரு முகாமிடம் இருக்கிறது. ஒரு பக்கம் ஏரி. இன்னொரு பக்கம் சாலையையும் மணல்மேட்டையும் தாண்டினால் கடல். நடுவே, தோல் உரிந்து தாள்தாளாகத் தொங்கும் பட்டைமரங்கள். கூடாரம் அடிக்க இடம், கழிப்பறை, சாப்பிட மேசை என்று வசதிகள் அடிப்படையானவை மட்டும்தான். குடிதண்ணீர் கிடையாது, வருகிறவர்கள்தான் கொண்டுவர வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரம்வரை தண்ணீர் கிடக்கும் இடத்துக்கு வீட்டிலிருந்து தண்ணீர் சுமப்பதா என்று முதல்முறை போகிறவர்களுக்குத் தோன்றுவது இயல்பு. சிட்னியின் மேற்குப் புறநகர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பள்ளி விடுமுறையில் இப்படிப்பட்ட இடங்களுக்குக் கிளம்புவது இப்போது சாதாரணமாகிவிட்டது. கிளம்புமுன் எந்தக் கூடாரம் வாங்கலாம், எந்த மெத்தை, எந்த விளக்கு என்றுதான் விசாரிக்கிறார்கள். என் அனுபவத்தில் இவற்றில் எதுவுமே முகாமின் நல்லது கெட்டதை முடிவு செய்வதில்லை. தண்ணீர்க் கணக்குதான் முடிவு செய்கிறது. தண்ணீர் எவ்வளவு வருகிறது, எதற்குச் செலவாகிறது, செலவான பின் எங்கே போகிறது என்ற மூன்றையும் முன்கூட்டி யோசித்தவர்களுக்குச் சமையல், துப்புரவு, நெருப்பு, பிள்ளைகளின் பாதுகாப்பு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்குக்கு வந்துவிடுகின்றன. அந்தக் கணக்கு பிசகினால் எத்தனை விலை கொடுத்து வாங்கிய கூடாரமும் கைகொடுக்காது.

ஏரி ஏன் குழாய் ஆகாது என்பதற்கு அந்த ஏரியின் அமைப்பிலேயே பதில் இருக்கிறது. மையால் ஏரிகள் ஒன்றோடொன்று கோத்த நீர்நிலைகள். மேல் மையால் ஆறு பொம்பா பிராட்வாட்டரில் வந்து சேர்கிறது. அங்கிருந்து கீழ் மையால் ஆறு வளைந்து வளைந்து தெற்கே ஓடி போர்ட் ஸ்டீவன்ஸ் விரிகுடாவில் கலக்கிறது. கடலுக்குப் போக இந்த நீண்ட, ஒடுங்கிய பாதை ஒன்றுதான். மணல்மேடு ஒன்றைத் தாண்டினால் கடல் என்றாலும், கடலின் ஏற்றவற்றம் ஏரிக்குள் அதிகம் எட்டுவதில்லை. ஆகவே உள்ளே வந்தது எதுவும் சீக்கிரம் வெளியே போவதில்லை. மழைக்காலத்தில் மேட்டுநிலப் பண்ணைகளிலிருந்து அடித்துவரும் உரச்சத்தும் மண்ணும் அங்கேயே தங்குகின்றன, முகாமிடுகிறவர் கரையில் கொட்டும் சோப்புத் தண்ணீரும் அப்படித்தான். 1999-ஆம் ஆண்டில் இந்த ஏரிகளில் நீலப்பச்சைப் பாசி பெருகியது. அதே ஆண்டில்தான் இவை ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் பட்டியலிடப்பட்டன. மையால் ஏரியின் அடியில் கிட்ஜா என்று அறிவியலாளர்கள் அழைக்கும் ஒரு படிவு இருக்கிறது. பழுப்பும் பச்சையும் கலந்த, கூழ் போன்ற சேறு அது. நீர்த்தாவரங்களும் பாசிகளும் செத்து மட்கி உண்டானது. அதில் கால் வைத்தால் கெட்டித்தரை தட்டுப்படாமல் மெத்தென்று இறங்கும், மேலே மேகம் போலக் கலங்கல் எழும். பார்க்க அழுக்கு மாதிரி இருக்கும் இந்தச் சேறு அந்த ஏரியின் இயற்கைச் செல்வம். அதைக் கிளறாமல் விடுவது நல்லது. அசைவு குறைந்த நீர், வந்ததை வைத்துக்கொள்ளும் நீர் என்ற இந்த இரண்டு தன்மைகளைப் புரிந்துகொண்டால் போதும், மற்ற விதிகளை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

காய்ச்சிக் குடித்தால் என்ன என்ற கேள்வி உடனே வரும். நியாயமான கேள்விதான். தண்ணீர் ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதித்தால் பாக்டீரியா, வைரஸ், ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகள் எல்லாம் சாகும். மலைக் காட்டில் ஓடும் ஓடைக்கு இந்த வைத்தியம் பொருந்தும். ஆனால் நீலப்பச்சைப் பாசி வெளிவிடும் நச்சு உயிர் இல்லாதது. கொதிநீரில் அது அழிவதில்லை. மாறாக, பாசியின் செல்கள் உடைந்து உள்ளே இருந்த நச்சும் தண்ணீரில் கலந்துவிடக்கூடும். குளோரின் மாத்திரைக்கும் இதே குறை உண்டு, அது கிரிப்டோஸ்போரிடியத்தையே சரியாகக் கொல்வதில்லை. முகாமிடுகிறவர்கள் கையில் வைத்திருக்கும் வடிகட்டிகள் பெரும்பாலும் கிருமியைப் பிடிக்கச் செய்தவை, கரைந்த நச்சைப் பிடிக்க அல்ல. தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று சொல்வதற்கும் இங்கே இடமில்லை. காற்று வீசும் திசையில் பாசி ஒதுங்கும். காலையில் தெளிந்திருந்த கரையில் மாலைக்குள் பச்சை பெயின்ட் ஊற்றினாற்போல ஏடு படிந்துவிடலாம். அந்த ஓரத்தில்தான் பிள்ளைகள் விளையாடுவார்கள். மண்வாடை அடித்தால், தண்ணீர்மேல் ஏடோ துகளோ மிதந்தால், அல்லது பூங்கா நிர்வாகம் எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தால் குளிப்பதையும் விட்டுவிட வேண்டும். தோல் அரிப்பில் தொடங்கி வயிற்றுப்போக்கு வரை வரும். ஏரி ஓரம் நக்கிக் குடிக்கும் நாய்கள் செத்தே போவதுண்டு.

ஆக, சுமக்கத்தான் வேண்டும். எவ்வளவு? ஒருவருக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர் என்று நான் கணக்கு வைக்கிறேன். கோடையில் குடிக்க 3 லிட்டர், சமையலுக்கு 2 அல்லது 3, பாத்திரம், கை, முகம், பல் இவற்றுக்கு மீதி. வெள்ளி மாலை போய் ஞாயிறு மதியம் திரும்பும் நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு 80 லிட்டர். அதாவது நாலு 20 லிட்டர் கேன். அதாவது 80 கிலோ. காரில் இன்னொரு வளர்ந்த ஆள் ஏறிக்கொண்டதற்குச் சமம். இந்த எடையைப் பார்த்ததும் பலர் அப்படியே பாதியாக்கிவிடுகிறார்கள். அங்கேதான் தவறு தொடங்குகிறது. தண்ணீரைக் குறைக்க விரும்பினால் தண்ணீர் கேட்கும் வேலைகளை முதலில் குறைக்க வேண்டும். வேலைகளை அப்படியே வைத்துக்கொண்டு கேனை மட்டும் குறைத்தால், சனிக்கிழமை மாலை யாராவது ஒரு வாளியோடு ஏரியை நோக்கித்தான் நடப்பார்கள்.

நம் சமையல் தண்ணீர் கேட்கும் சமையல் என்பதை ஒப்புக்கொண்டு திட்டமிடுவதே மேல். அரிசி களைவதைப் பாருங்கள்: அரைக் கிலோ அரிசியை இரண்டு முறை களைய மூன்று லிட்டருக்குக் குறையாது. குழம்பு வைத்த சட்டியை விளக்க அதைவிடக் கூடுதல். பருப்பு பொங்கி வழிந்துவிட்டால் அடுப்பையும் சேர்த்துக் கழுவ வேண்டியிருக்கும். ஆகவே முகாமின் சாப்பாட்டுப் பட்டியலை ருசியை வைத்து எழுதாமல் கழுவும் பாத்திரத்தை எண்ணி எழுதுகிறேன். அரிசியை வீட்டிலேயே களைந்து, துணியில் பரப்பி நிழலில் நன்றாகக் காயவைத்து எடுத்துப்போகலாம். மாவுக்கு அரிசி காயவைக்கத் தெரிந்த வீட்டில் இது புதிதல்ல. அங்கேயே களைந்தால் இரண்டாம் கழுநீரில் புளி ஊறப்போடலாம், இதுவும் நம் அடுப்படியில் காலங்காலமாக உள்ள வழக்கம். சனிக்கிழமைக் குழம்பை வியாழக்கிழமையே வைத்து, ஆறியதும் கெட்டியான டப்பாவில் உறையவைத்துவிட்டால் மூன்று வேலை ஒன்றாகத் தீரும்: எஸ்கி எனும் குளிர்ப்பெட்டியில் அதுவே ஐஸ்கட்டி, அங்கே சூடுபண்ணினால் போதும், கழுவவேண்டியது ஒரு சட்டி. ஐஸை மூட்டையாக வாங்கிப் போடுவதைவிடக் குடிதண்ணீர்ப் பாட்டில்களை உறையவைத்துப் போடுங்கள். உருகிய தண்ணீர் அப்படியே குடிக்கக் கிடைக்கும், எஸ்கியின் அடியில் மீன்வாடை பிடித்துக் கிடக்காது. காலைக்கு அவல் ஊறவைக்க ஒரு குவளைத் தண்ணீர் போதும். ரவை உப்புமா ஒரே வாணலியில் முடியும். பூரி பொரிக்கும் ஆசை இருந்தால் அதை வீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். எண்ணெய்ச் சட்டியும் பாத்திரச் சோப்பும் ஏரிக்கரைக்குப் பொருந்தாத சேர்க்கை.

தட்டுக் கழுவுவதில்தான் கேன் வேகமாகக் காலியாகிறது. குழாயடியில் பழகிய கை தண்ணீரைத் திறந்துவிட்டுத் தேய்க்கும், அது கைக்கே தெரியாமல் நடக்கும். இங்கே வரிசையை மாற்ற வேண்டும். தட்டில் ஒட்டிய சோற்றையும் குழம்பையும் முதலில் ரொட்டித்துண்டாலோ ரப்பர் கரண்டியாலோ வழித்தெடுங்கள். பிறகு ஒரு தாளால் மஞ்சள் கறை விரலில் படாத அளவுக்குத் துடைத்து, அந்தத் தாளைக் குப்பைப் பைக்குள் போடுங்கள். அதன்பின் தெளிப்புப் பாட்டிலில் வெந்நீரும் ஒரு சொட்டுச் சோப்பும் கலந்து நாலு பீச்சு, ஒரு தேய்ப்பு. கடைசியாக ஒரு டம்ளர் நல்ல தண்ணீர். இப்படிச் செய்தால் ஆறு தட்டுக்கு ஒன்றரை லிட்டரே அதிகம். கேனின் வாயில் சிறு குழாய் பொருத்திக்கொள்வதும் நல்லது. சொம்பில் மொண்டு ஊற்றினால் ஒரு கை கழுவ அரை லிட்டர் போகும். குழாயை நூலிழையாகத் திறந்தால் அரை டம்ளரில் முடியும்.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்பதை முகாமிடுகிறவர்கள் பெரும்பாலும் யோசிப்பதில்லை. மக்கும் சோப்பு என்று டப்பாவில் எழுதியிருக்கிறதே என்பார்கள். அந்த எழுத்து பொய்யில்லை. ஆனால் அந்தச் சோப்பு மக்குவதற்கு மண்ணும் அதிலுள்ள நுண்ணுயிரும் வேண்டும். நேராக ஏரியில் ஊற்றினால் அது மக்குவதற்குள் மீன் செவுளையும் நீர்ப்பூச்சியின் மேல்படலத்தையும் தொட்டுவிடும். மக்கும்போதும் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத்தான் தின்னும். ஆகவே பாத்திரம், பல், குளியல் எதுவானாலும் கரையிலிருந்து 100 மீட்டராவது தள்ளிச் செய்யவேண்டும். கழுநீரைச் சல்லடையில் வடித்து, பருக்கையைக் குப்பையில் போட்டு, தண்ணீரை ஒரே இடத்தில் கொட்டாமல் மண்மேல் அகலமாக வீசவேண்டும். இல்லையென்றால் ஒரு வாளியில் சேர்த்து மூடி வீட்டுக்கே கொண்டுபோய்விடலாம். மூன்று நாலு லிட்டர்தானே. நாங்கள் ஒரு குடும்பம், ஒரு பானை, அதனால் இவ்வளவு பெரிய ஏரிக்கு என்ன ஆகிவிடும் என்ற வாதத்தை நான் பலமுறை எதிர்கொண்டிருக்கிறேன். ஒரு பானையால் எதுவும் ஆகாது, சரிதான். ஈஸ்டர் விடுமுறையில் அந்தக் கரை முழுக்கக் கூடாரம் நிறைந்திருக்கும்போது ஒவ்வொரு கூடாரத்திலும் இதே நியாயம் பேசப்படுகிறது. நீர் வெளியேற வழி குறைந்த ஏரியில் அத்தனை பானையும் சேர்கிறது. தென்தமிழ்நாட்டின் ஊர்களில் ஊருணிக்குள் கால் கழுவக்கூட இறங்காதவர்கள் நம் பாட்டிகள். அவர்களிடம் ஒரு பானைக்கு இடம் கேட்டுப் பார்த்திருக்க முடியாது.

கழிப்பறையைப் பற்றிச் சொல்லக் கூச்சப்பட்டு எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள், அதனால் அங்கே போய்த்தான் பிரச்சினை தெரியவருகிறது. இத்தகைய முகாமிடங்களில் தண்ணீர் பாய்ச்சும் கழிப்பறை இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கழிவு கீழே விழுந்து காற்றோட்டத்தில் மக்கும் வகைதான் பரவலாக இருக்கிறது. அளவுக்கு மீறிய தண்ணீர் அதற்கு எதிரி. ஈரம் கூடினால் மக்குவது நின்று அழுகத் தொடங்கும், அப்போதுதான் நாற்றம் வரும். தண்ணீர் இல்லாமல் முடியாத நம் பழக்கத்துக்கு வாளி வேண்டாம். மூக்கு நீண்ட அரை லிட்டர்ப் பாட்டில் ஒன்று ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டால் கணக்கும் மீறாது, கழிப்பறைக்கும் கேடில்லை. ஈரத்துடைப்பான்களை உள்ளே போடவே கூடாது. அவை மக்குவதில்லை, குப்பையோடு வீட்டுக்குத்தான் வரவேண்டும். குப்பைத்தொட்டி இருக்கும் என்று நம்பியும் போகாதீர்கள்.

சாப்பாட்டு மிச்சத்துக்கும் இதையே சொல்வேன். அங்கே மரம் ஏறும் பெரிய உடும்புகள் உண்டு, டிங்கோ நாய்களும் உண்டு. கூடாரத்துக்கு வெளியே வைத்த சாப்பாட்டுப் பை இரண்டையும் இழுக்கும். ஒருமுறை மனிதச் சோறு தின்று பழகிய டிங்கோ மனிதர்களிடம் பயம் விட்டுப்போய், கடைசியில் அதுவே அதன் உயிருக்கு ஆபத்தாகிறது. சாப்பாடு, குப்பை, வழித்த தாள் எல்லாம் இரவில் காருக்குள் போகட்டும். தண்ணீரோடு தொடர்பில்லாத இரண்டு எச்சரிக்கைகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உண்ணி கடித்தால் விரலால் பிடுங்காமல், உறையவைக்கும் ஸ்பிரே அடித்து அது செத்து விழ விடவேண்டும். கிழக்குக் கரையின் வாதவுண்ணி சாதாரண உண்ணி அல்ல. கிளை பருத்த யூகலிப்டஸ் மரத்தடியில் கூடாரம் அடிக்காதீர்கள், காற்றில்லாத நாளிலும் கிளை முறியும்.

நெருப்புக்கும் தண்ணீர் வேண்டும் என்பது பலருடைய பட்டியலில் விட்டுப்போகிறது. முழுத் தீத்தடை அறிவித்த நாளில் வெளியில் விறகுத்தீ கிடையாது. தடை உண்டா என்று கிளம்பும் காலையிலேயே பார்த்துவிட வேண்டும். தடை இல்லாத நாளிலும் அனுமதித்த இடத்தில் மட்டுமே மூட்டலாம், தேசியப் பூங்காவுக்குள் கீழே கிடக்கும் சுள்ளியையும் பொறுக்கக் கூடாது. பொறுக்கிப்போவது விறகுதான் என்று நாம் நினைக்கலாம், அந்தச் சுள்ளிக்கு அடியில் பல்லியும் பூச்சியும் குடியிருக்கின்றன. இரவில் தீயை மணல் போட்டு மூடிவிட்டுத் தூங்கப் போவது பரவலான பழக்கம். அதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் பழக்கம். மணல் சூட்டைப் போர்த்திக் காக்கிறது. விடிந்த பின்னும் அடியில் கனல் இருக்கும். மேலே பார்த்தால் சாம்பல் நிறமான வெறும் மண், புகையும் இல்லை. முந்தின இரவு எல்லோரும் உட்கார்ந்திருந்த இடம் என்று ஒரு குழந்தை காலையில் வெறுங்காலோடு அதில் ஓடினால் போதும், பாதம் வெந்துவிடும். கரியைக் கிளறிக் கிளறித் தண்ணீர் ஊற்றி, புறங்கையை மேலே காட்டினால் சூடு தெரியாத வரை அணைக்க வேண்டும். இதற்கு 10 லிட்டர் தனியாக. இன்னும் ஒரு 20 லிட்டர் கேனை யாரும் தொடாத கேனாக வைக்கச் சொல்வேன். தீக்காயத்துக்கு முதல் சிகிச்சை 20 நிமிடம் குளிர்ந்த ஓடுநீர். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என்று மெல்ல ஊற்றினாலும் சரியாக ஒரு கேன் ஆகிறது. ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும், போனில் சிக்னல் கிடைக்கும் என்பதற்கும் உறுதியில்லாத இடத்தில், அந்த ஒரு கேன் கையிலுள்ள மருத்துவமனை.

இவ்வளவு பாடுபட்டு அங்கே ஏன் போகவேண்டும், அரசாங்கம் ஒரு குழாய் போட்டுக் கொடுத்தால் என்ன என்பதுதான் எல்லாவற்றிலும் வலுவான ஆட்சேபம். வரி கட்டுகிறோம், முகாமுக்கும் கட்டணம் கட்டுகிறோம், தண்ணீர் அடிப்படை உரிமை. இதை நான் இலேசாகத் தள்ளவில்லை. ஆனால் குழாய் தனியாக வருவதில்லை. குழாய் வந்தால் குளியலறை வரும், குளியலறை வந்தால் கழிவுநீர்த் தொட்டி வரும், பிறகு கூட்டம் இரண்டு மடங்காகும். அத்தனை கழிவுநீரும் கடைசியில் அதே மெதுவான ஏரியின் கரைமண்ணில்தான் இறங்கும். சுமந்து வந்த தண்ணீரை யாரும் வீணாகக் கொட்டுவதில்லை, ஆகவே கரையில் சேரும் கழிவும் குறைவு. கைக்குழந்தை உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், அடிக்கடி மருத்துவ உதவி தேவைப்படும் முதியவர்கள் இந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்றும் வெளிப்படையாகச் சொல்கிறேன். குழாயும் மின்சாரமும் உள்ள கேரவன் பூங்காக்கள் அந்தக் கடலோர ஊர்களில் இருக்கின்றன. அங்கே தங்கிப் பகலில் ஏரியைப் பார்த்து வரலாம். அதில் எந்தக் குறையும் இல்லை. கணக்குப் போட்டுப் போட்டு விடுமுறையின் மகிழ்ச்சியே போய்விடும் என்பாரும் உண்டு. கணக்கு வீட்டில் போடுவது. வெள்ளிக்கிழமை கேனை இறக்கி வைத்தபின் யாருக்கும் அந்த நினைப்பு இருப்பதில்லை. குழாயை நூலிழையாகத் திறப்பது பிள்ளைகளுக்கு அரை நாளில் கைவந்துவிடும்.

புலடீலா ஊர் வழியாக முகாமிடத்துக்கு வருகிறவர்கள் பொம்பா பாயின்ட்டில் கம்பிவடப் படகில் காரை ஏற்றி ஏரியின் குறுக்கே கடக்கவேண்டும். படகு இரவில் ஓடுவதில்லை. வழியில் தண்ணீர் பிடிக்க நின்று தாமதமானால் ஹாக்ஸ் நெஸ்ட் ஊர்ப் பக்கமாகச் சுற்றித்தான் வரவேண்டும். ஆகவே வீட்டிலேயே எல்லாக் கேன்களையும் நிரப்பிவிடுவது நல்லது, போகும் வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் பல பயணங்களைக் கெடுத்திருக்கிறது. திரும்பும் நாள் காலையில் கேன்களைத் தூக்கிப் பாருங்கள். தொடாத கேன் தொடாமலே இருக்கவேண்டும்; மற்றவற்றில் ஐந்தாறு லிட்டர் மிச்சமிருந்தால் கணக்கு சரி. அதில் இரண்டு லிட்டர் வழிப்பயணத்துக்குக் காரில் இருக்கட்டும். மீதியைக் கூடாரம் பிரிப்பதற்கு முன், நேற்றிரவு அணைத்த சாம்பலை இன்னொருமுறை கிளறி அதன்மேல் ஊற்றுங்கள். சில சமயம் அப்போதும் மெல்லிசாக ஆவி எழும்.